த்வாண்டேயில் அத்தை தின்ற தேயிலை

அன்று நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசையில்லாமல் எனக்குச் சொல்ல வராது.

1. என்னை நாகப்பட்டினத்துக்குத் திரும்ப அழைத்துப்போக வந்திருந்த அத்தையை, நான் வேலைக்குப் போக ஆசைப்பட்ட ஊரைக் காட்டுவதற்காக, ரங்கூனிலிருந்து லாஞ்சில் த்வாண்டேக்குக் கூட்டிப்போனேன்.

2. அங்கே படகுத்துறையில் முதல் படகைப் பார்த்து அத்தை, தமிழில், சத்தமாக, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒன்று சொன்னாள்.

3. படகுக்காரிக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

4. அதனால் எந்தப் படகும் எங்களை ஏற்றவில்லை.

5. அத்தை தன் ஆயுளில் முதல் முறையாக வெளியார் கொடுத்ததை வாயில் போட்டாள்.

6. போட்டது தேயிலை. நிறையப் போட்டாள்.

7. அதன் பிறகு ஊர் சுற்றினோம். சரியாகச் சொன்னால் அத்தை சுற்றினாள். நானும் த்வாண்டேயும் பின்னால் போனோம்.

இந்த மாதத்தோடு நான் கப்பலிலிருந்து ரங்கூன் துறைமுகத்தில் இறங்கி ஐந்து வருஷம் முடிகிறது. அத்தை வந்தபோது அங்கே பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் கம்பவுண்டர் வேலை. மிங்கலா தாங்ஞுன்ட் என்கிற பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய விடுதியில் அறை. வண்டி போகும்போதெல்லாம் ஜன்னலும் கூஜாவும் சேர்ந்து நடுங்கும். காலையில் களிம்பு அரைப்பேன், பிறகு திரவ மருந்துகளை அளந்து சீசாவில் ஊற்றிச் சீட்டு ஒட்டுவேன், பிறகு "சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை" என்பதை மாலை வரை நான்கு பாஷைகளில் சொல்வேன். இப்போதெல்லாம் துளிகளை மனத்துக்குள் பர்மியத்தில் எண்ணுகிறேன். எப்போது மாறியதென்று தெரியாது. அத்தை வந்து இறங்கிய அன்று, "நல்லா இருக்கியாடி?" என்று கேட்டாள். "ஹோக்கே" என்றேன். இங்கே ஆமாம் என்பதற்கு அப்படித்தான். அத்தை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். த்வாண்டேயில் பெண்களுக்கென்று ஒரு சிறு மருந்தகம் திறக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. மருந்து கலக்கவும் பிரசவத்துக்கு உதவவும் பயிற்சி பெற்ற ஒருத்தி வேண்டும். அங்கேயே தங்க வேண்டும். ரங்கூனில் நான் எட்டுப் பேரில் ஒருத்தி. அங்கே போனால் அலமாரியும் சாவியும் என்னுடையவை. இதைவிட எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. விண்ணப்பத்தில் சம்மதக் கையெழுத்துக்குக் கணவர், தகப்பனார், தமையனார் என்று மூன்று கோடுகள் இருந்தன. முதலாமவர் இல்லை, இரண்டாமவர் காலமாகிவிட்டார், மூன்றாமவர் ஊரிலிருந்து எழுதினார்: "அத்தை நேரில் வந்து பார்க்கிறாள். அவள் என்ன சொல்கிறாளோ அதுவே என் கையெழுத்து." ஆக, விண்ணப்பத்தில் கோடே இல்லாத அத்தையின் கையில்தான் எல்லாம் இருந்தது. அவள் திரும்பிப் போக இரண்டு டிக்கட் எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

அத்தையைப் பற்றித் தெரிய வேண்டியவை இரண்டு. திருவாரூர்த் தேருக்குப் போனாலும் வீட்டுச் சோறும் வீட்டுத் தண்ணீரும் கூடப் போகும். கப்பலில் முழுதும் அவலும் வெல்லமும்தான். இரண்டாவது, காப்பி குடிக்கிற வீட்டில் பெண் எடுக்கக் கூடாது என்பவள். தேயிலைச் சாற்றை அவள் முகர்ந்ததுகூடக் கிடையாது.

ரங்கூன் ஆற்றைத் தாண்டி லாஞ்ச் கால்வாய்க்குள் திரும்பியதும் அத்தை அதுவரை பிடித்திருந்த கம்பியை விட்டாள். இரு கரையிலும் வயல். எதிரே வைக்கோல் மெத்தையில் பானைகள் அடுக்கிய படகுகள்.

"இது என்னடி, வேதாரண்யம் வாய்க்கால் மாதிரி இருக்கு" என்றாள். அவள் பிறந்த வீட்டில் உப்பு வியாபாரம். சிறு வயதில் உப்புப் படகில் ஏறி வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் போய் வந்தவள்.

"பிடிச்சிருக்கா அத்தை?"

"மாதிரி இருக்குன்னேன். பிடிச்சிருக்குன்னு சொல்லல."

த்வாண்டேயைச் சுற்ற வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன். சின்ன ஊர். பெரிய கால்வாயின் ஓரம் ஒரு துறை. துறையிலிருந்து ஊருக்குள் ஓடைகள் பிரிந்து போகின்றன. குயவர் முற்றம், சந்தை, பகோடா என்கிற புத்தர் கோயில் மேட்டுக்குப் போகும் பாதை எல்லாமே ஏதாவது ஓர் ஓடையின் முனையில் இருக்கும். கடல் ஏறினால் ஓடைகளும் ஏறும். அப்போது படகில் உட்கார்ந்தபடி ஊர் முழுவதையும் பார்த்துவிட்டு வரலாம். வற்றிவிட்டால் எதிர்வீட்டுக்குப் போகக்கூடச் சேற்றில் போட்ட பலகைமேல் நடக்க வேண்டும். பலகைகள் ஆடும். ஆகவே முதலில் தண்ணீரைப் பாருங்கள், பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். நான் அன்று கடிகாரத்தை மட்டும் பார்த்துத் திட்டம் எழுதியிருந்தேன். அழகான திட்டம். துறையிலேயே செத்துப்போயிற்று.

காரணம், துறையில் ஒரு வழக்கம் உண்டு. படகுகள் வந்த வரிசைப்படி நிற்கும். தலையில் நிற்கும் படகுதான் அடுத்த ஆளை ஏற்றும். வருகிறவர் பொறுக்கக் கூடாது. பின்னால் நிற்பவளும் முறை தவறி ஏற்றக் கூடாது. இது எனக்குத் தெரியும். கத்தரிக்காய்க் கூடையைக் கவிழ்த்து அடிக்காயை எடுக்கிறவள் அத்தை என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தவறிவிட்டேன்.

தலைப்படகில் மூங்கில் தொப்பி போட்ட ஒருத்தி துடுப்போடு நின்றாள். மா கின் என்று பெயர், பிறகு தெரிந்துகொண்டது. பர்மியப் பெண்தான் என்று நானும் நினைத்தேன்.

"ஐய, இதுலயா ஏறணும்?" என்று அத்தை மூக்கைப் பொத்தினாள். "செத்த மீனை மூடி வெச்ச மாதிரி நாத்தம். இவளும் குளிச்சு ஒரு வாரம் ஆயிருக்கும். வாடி சௌந்தரம், அதோ அந்தப் படகு பளிச்சுன்னு இருக்கு." சொல்லிக்கொண்டே பின்படகில் ஒரு காலையும் வைத்துவிட்டாள்.

மா கின் துடுப்பைக் கீழே வைத்தாள்.

"நான் காலையிலேயே குளிச்சேன் அம்மா" என்றாள், தமிழில். "படகும் குளிச்சுது. நாத்தம் ஙாப்பி ஜாடி. மீன் ஊறவெச்சது. சந்தைக்கு இறக்கிட்டு இப்பத்தான் வாறேன். நீங்க குளிச்சீங்களா?"

அத்தை ஒரு கால் படகிலும் ஒரு கால் பலகையிலுமாக நின்றாள்.

"இவளுக்கு எப்படிடி தமிழ் வந்தது?"

"எங்கப்பா தமிழ். ரங்கூன் துறைமுகத்துல மூட்டை தூக்கினாரு. நாகூரு பக்கமாம். அவரு திட்டித் திட்டித்தான் எனக்குத் தமிழ் வந்துச்சு. நீங்க திட்டினது கம்மி."

பின்படகுக்காரி டோ மியா. பெரிய உடம்பு, சோளக்கதிர் பருமனில் சுருட்டு. என்ன நடந்தது என்று மா கின்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அத்தையின் காலைத் தன் படகிலிருந்து மெதுவாகத் தூக்கிப் பலகையில் வைத்தாள். பர்மியத்தில் அவள் சொன்னதை அத்தைக்குத் தமிழில் சொன்னேன்: முறை மா கின்னுடையது. நான் ஏற்றினால் நாளை இந்தத் துறையில் யார் என் முகத்தில் விழிப்பார்கள்?

"சரி, அவளே ஏத்தட்டும்" என்றாள் அத்தை.

"மாட்டேன்" என்றாள் மா கின். "நாறுற படகுல உங்களை ஏத்தினா உங்களுக்குத்தானே கஷ்டம்?"

பின்னால் நின்ற படகுகள் எல்லாம் வேடிக்கை பார்த்தன. முதல் இரண்டும் நகராமல் அவை நகர வழியில்லை. மருந்தக வீடு உள்ளோடையின் கோடியில் இருக்கிறது. நண்பகலுக்குமேல் தண்ணீர் இறங்க ஆரம்பித்தால் படகு போகாது. அத்தை ஆடும் பலகைமேல் நடந்து அந்த வீட்டுக்கு வருவாள் என்று எண்ணுமளவுக்கு எனக்குக் கற்பனை இல்லை. வீட்டைப் பார்க்காமல் திரும்பினால் அவள் பதில் என்ன என்பதும் தெரியும். என் வேலை அந்தத் துறையிலேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். பயத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

டோ மியா தன் படகின் கூண்டுக்குள் குனிந்து ஓர் அரக்குப் பெட்டியை எடுத்துவந்தாள். உள்ளே தடுப்புத் தடுப்பாக வறுத்த பட்டாணி, வேர்க்கடலை, எள், பொரித்த பூண்டு. நடுவில் கரும்பச்சையாக, எண்ணெய் மினுக்கத்தோடு, ஈரமான இலைக் குவியல். லப்பே. புளிக்க வைத்த தேயிலை. இங்கே சண்டை தீர வேண்டுமானால் சண்டை போட்டவர்கள் ஒரே தட்டிலிருந்து லப்பே எடுத்துத் தின்பார்கள். தின்றபின் அந்தச் சண்டையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அவர்தான் மானம் கெட்டவர்.

"நீங்க ஒரு வாய் போடணும் அத்தை" என்றேன்.

அத்தை பெட்டியைப் பார்த்தாள். ஓடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்ன இலை?"

"தேயிலை."

"அடுப்புல வெச்சு ஆக்கினதா?"

"அவிச்சு அமுக்கி வெச்சு, மாசக்கணக்கா ஊறினது. இப்ப எண்ணெய் விட்டுப் பிசைஞ்சிருக்கு."

"அப்ப ஊறுகாய்."

"ஆமா, ஊறுகாய் மாதிரி."

"ஊறுகாய்க்குத் தீட்டு இல்ல" என்று தீர்ப்புச் சொன்னாள் அத்தை. "அந்தக் கோடியில சிவப்பா என்ன?"

உலர்ந்த இறால். என் கைக்குட்டையை அதன்மேல் போட்டு மூடினேன். "அது அவங்களுக்கு" என்றேன்.

மூன்று விரலில் ஒரு சிட்டிகை எடுப்பதுதான் இங்கத்து முறை. மா கின் எடுத்தாள். டோ மியா எடுத்தாள். அத்தை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். முதலில் கசப்பு, பிறகு புளிப்பு, பிறகு பூண்டும் எள்ளும். அவள் முகத்தில் அவை ஒவ்வொன்றாக வந்துபோவதைப் பார்த்தேன்.

"பரவாயில்லையே" என்றாள்.

சண்டை தீர்ந்தது. நான் மா கின்னோடு வழி பேச நகர்ந்தேன். அங்கேதான் பிசகிவிட்டேன். எங்கள் வீட்டில் இலையில் மிச்சம் வைப்பது பாவம். பரிமாறியதைத் துடைத்து முடித்துத்தான் எழ வேண்டும். இங்கேயோ விருந்தாளியின் தட்டுக் காலியானால் நிரப்பாமல் இருப்பது வீட்டுக்காரிக்கு அவமானம். அத்தை முடித்தாள். டோ மியா நிரப்பினாள். அத்தை மரியாதைக்கு மறுபடி முடித்தாள். டோ மியா பூரித்துப்போய் ஜாடியையே கொண்டுவந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது இருவரும் ஒருவருக்கொருவர் பயங்கரமாக மரியாதை செய்துகொண்டிருந்தார்கள்.

"அத்தை, போதும்! மிச்சம் வையுங்க!"

"வாயைக் கழுவு! அன்னமிட்ட கையை அவமானம் பண்ணச் சொல்றியா?"

தலைவலிப் பொடியில் நாங்கள் கஃபீன், அதாவது தேயிலையில் இருக்கிற கிளர்ச்சிச் சத்து, சேர்ப்போம், அரிசிமணி எடைக் கணக்கில். அத்தை உட்கொண்டது எத்தனை பேர் தலைவலிக்கு ஆகும் என்று கணக்குப் போட ஆரம்பித்து, வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

படகு ஓடைக்குள் திரும்பிச் சற்றுத் தூரம் போனதும் அது வேலை செய்யத் தொடங்கியது.

முதலில் பேச்சு. வீட்டுப் படிகளில் துணி துவைத்தவர்கள் எல்லாரிடமும் அத்தை தமிழில் நலம் விசாரித்தாள். "என்ன குழம்பு? பிள்ளை எத்தனை? இப்படியா பிழிவே, கிழிஞ்சுபோகும்!" அவர்கள் பர்மியத்தில் பதில் சொன்னார்கள், கை கொட்டிச் சிரித்தார்கள். மா கின் முதலில் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள். பிறகு, "தேவையில்ல ஸயாமா, அவங்களுக்கே புரியுது" என்று என்னிடம் சொல்லிவிட்டு விட்டுவிட்டாள். மருந்து தருகிறவளையும் பாடம் சொல்கிறவளையும் இங்கே ஸயாமா என்பார்கள். அத்தையை அவள் 'டோ அத்தை' ஆக்கிவிட்டிருந்தாள். இங்கே வயதில் பெரியவளுக்கு டோ போடாமல் பேசக் கூடாது.

குயவர் முற்றத்தில் அத்தை ஒவ்வொரு பானையையும் சுண்டிக் காதை வைத்துக் கேட்டாள். பளபளவென்று பழுப்புப் பூச்சுப் போட்ட ஒரு ஜாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அது ஒரு குழந்தை அளவு இருந்தது. கீழே வைக்க மறுத்துவிட்டாள். அதை இடுப்பில் வைத்தபடிதான் சந்தையைச் சுற்றினாள். பகோடா மேட்டில் மட்டும் மா கின்னிடம் ஜாடியைக் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினாள். எனக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு இல்லை. நாடி பார்த்தேன்: வேகம், ஆனால் ஒழுங்கு.

"என் கையை விடுடி, எனக்கு ஒண்ணுமில்ல. உலகம் முழுக்கத் தொடச்சு வெச்ச மாதிரி இருக்கு!"

திரும்பிப் படகேறியதும் அடுத்தது நடந்தது.

"அந்தத் துடுப்பைக் கொடு."

"டோ அத்தை, ஆடும். விழுவீங்க."

"உப்புப் படகுல கோல் போட்டவளுக்கு நீ சொல்லித் தராதே."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். இங்கே நின்றபடி முன்னால் பார்த்துத்தான் துடுப்புப் போடுவார்கள். படகு முதலில் ஒரு தடவை தன்னைத்தானே சுற்றியது. பிறகு ஒரு வீட்டுக் கோழிக்கூண்டை முட்டியது. பிறகு நேராகப் போயிற்று. அத்தை தலைமுடி அவிழ்ந்து, பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கரையில் பிள்ளைகள் கூடவே ஓடிவந்தார்கள். மா கின்னின் பெண்ணும் அதில் இருந்தாள். அவளுக்குத் தமிழில் ஒரு வார்த்தையும் வராது என்று மா கின் சொன்னாள், வருத்தமாகவும் இல்லை, பெருமையாகவும் இல்லை. "அவ தாத்தா திட்ட இல்லியே. எப்படி வரும்?"

தண்ணீர் இறங்குமுன் மருந்தக வீட்டின் படியில் அத்தையே படகைக் கொண்டுபோய் நிறுத்தினாள். மரக் கால்கள்மேல் நிற்கும் வீடு. கர்ப்பிணிகள் படகிலிருந்து நேராகத் திண்ணென்ற மரப்படியில் கால் வைக்கலாம். உள்ளே காலி. எந்தச் சுவரில் அலமாரி, எந்த ஜன்னலடியில் அரைக்கும் கல், விஷ மருந்துகள் எங்கே என்று நான் காட்டிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல என் பேச்சும் வேகமாகிவிட்டது. நானும் ஒரு சிட்டிகை போட்டிருந்தேன்.

அத்தை ஒன்றும் பேசவில்லை. துறையை விட்டு வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. ஜன்னலருகே நின்று கீழே தண்ணீரைப் பார்த்தாள்.

"இவ தனியாத்தானே இருக்கணும்?" என்றாள், என்னிடம் அல்ல, மா கின்னிடம். "ஊருக்கெல்லாம் இவ மருந்து கொடுப்பா. இவ காய்ச்சலா விழுந்தா?"

"எங்க வீடு அடுத்த வளைவுல. நான் வருவேன்."

"நீ எதுக்கு வரணும்? உன்னை நான் திட்டினேன்."

"எப்போ?" என்றாள் மா கின். முகத்தில் துளிச் சிரிப்பும் இல்லை. "லப்பே தின்னாச்சு டோ அத்தை. நீங்க யாரையும் திட்டல."

அத்தை என் பக்கம் திரும்பி, "இருடி. இங்கேயே இரு" என்றாள். அடுத்த மூச்சில் அலமாரி வைக்க நான் காட்டிய சுவர் தப்பு, மழைச் சாரல் அடிக்கும் என்று ஆரம்பித்துவிட்டாள்.

திரும்பும் லாஞ்சில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அத்தை, தெரியாத ஒரு சீனக் குடும்பத்துக்கு உப்புப் படகுக் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். ரங்கூன் தெரியத் தொடங்கியபோதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது, தோன்றாமல் இருந்திருக்கலாம். மருந்து வேகத்தில் இருப்பவரிடம் சம்மதம் வாங்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். விதியில் தேயிலையைப் பற்றி ஒன்றுமில்லை. ஆனாலும் பொருந்தும் என்றே பட்டது. அந்த 'இரு'வை நான் எடுத்துக்கொள்ளவில்லை. நிதானத்தில் ஒரு தடவை சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

அவள் சொல்லவில்லை. மறுநாள் முழுதும் படுத்தே இருந்தாள். அதற்கடுத்த நாட்களில் கோயிலுக்குப் போனாள், கடைக்குப் போனாள், த்வாண்டே என்ற பேச்சையே எடுக்கவில்லை. கப்பல் நாள் வந்தது. நான் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்றுவிடுவாளோ என்று இருந்தது. என் நான்கு சேலைகளையும் மடித்து, அத்தை தங்கியிருந்த எங்களூர்க் குடும்பத்தின் வீட்டுக்குக் கொண்டுபோய், அவளுடைய தகரப் பெட்டியில் வைத்தேன். ஒழுங்காகத்தான் மடித்திருந்தேன்.

அத்தை பின்கட்டிலிருந்து வந்து பெட்டியைப் பார்த்தாள்.

"இது யார் துணி?"

"என்னுது அத்தை."

"எம் பெட்டியில எதுக்கு?"

"ரெண்டு டிக்கட் இருக்கே..."

அவள் என் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் வைத்தாள். அந்த இடத்தில் த்வாண்டே ஜாடியைப் படுக்க வைத்து, சுற்றிலும் தன் பழஞ்சேலையைத் திணித்தாள்.

"பாரு, இடமில்ல" என்றாள். பிறகு மூடியை அழுத்திக்கொண்டே, "அன்னிக்கு நான் ஒரு மாதிரி இருந்தேன்னு நெனைச்சுக்கிட்டிருக்கே இல்ல? நாலு நாளா என் மூஞ்சியையே பார்க்கிறே. இருந்தேன், இல்லேங்கல. வீட்டைப் பார்த்தப்போ எல்லாம் தெளிவாத்தான் தெரிஞ்சுது. மேல ஏறி உக்காருடி, மூடி அமுங்க மாட்டேங்குது" என்றாள்.

பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தேன். அழுதேனா சிரித்தேனா என்று அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள்.

கப்பல் ஆபீசில் டிக்கட்டைத் திருப்பிக் கொடுக்கக் காரணம் எழுத வேண்டுமாம். குமாஸ்தா நம்மவர். "என்ன காரணம் போடட்டும் அம்மா?" என்றார்.

"பெட்டியில இடமில்லேன்னு போடுங்க" என்றாள் அத்தை.

அவர் 'சொந்தக் காரணம்' என்று எழுதிக்கொண்டார்.

இப்போதைய நிலை இது. அண்ணன் கையெழுத்து வந்துவிட்டது. நான் த்வாண்டேயில் இருக்கிறேன். அலமாரி, அத்தை சொன்ன சுவரில் நிற்கிறது. சாரல் அடிக்கவில்லை. மருந்துகள் பாதி வந்திருக்கின்றன, பூட்டு இன்னும் வரவில்லை. மா கின் தலைப்படகாக நிற்கும் நாட்களில் சந்தைக்கு அவள் படகில் போகிறேன், மற்ற நாட்களில் முறைப்படி யார் படகோ அதில். நாகப்பட்டினத்துக்குப் போகும் அடுத்த கப்பலில் அத்தைக்கு ஒரு பொட்டலம் லப்பே போகிறது, இறால் இல்லாமல்.